பழைய வீடு, பழைய சமையல்: தர்மபுரிப் பக்கம் எதைக் கேட்டுச் சாப்பிடலாம்?

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொங்கலுக்கு அப்பா அம்மாவோடு ஊருக்கு வருகிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய வீட்டை உணவகமாக மாற்றி, அந்தக் காலத்துச் சமையல் போடுகிற இடங்கள் வந்திருக்கின்றன என்கிறார்கள். போகலாமா? அங்கே போடுவது நிஜமாகவே பழைய சமையல்தானா, எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன கேட்டுச் சாப்பிடலாம்? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு."

தாராளமாகப் போகலாம். பொங்கல் சமயத்தில் வருகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள். வீட்டுக்கு நூறு வயது என்பதால் இலையில் விழும் சாப்பாட்டுக்கும் நூறு வயது ஆகிவிடாது. திண்ணையும் முற்றமும் உள்ள தர்மபுரி வீட்டில் உட்கார வைத்து, செட்டிநாட்டு மசாலா போட்ட கோழியும் பரோட்டாவும் கொடுத்தால் அது ருசியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்கள் அதைச் சாப்பிட்டதில்லை. அவர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டது கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ளக் கொள்ளு, அவரை, மொச்சை, காட்டில் பறித்த கீரை, வாரச் சந்தையில் வாங்கிய கருவாடு. அரிசிச் சோறு விசேஷ நாளுக்கு. இட்லி தீபாவளிக்கு. இந்தச் சாப்பாட்டை மறைக்காமல் முதல் பந்தியில் பரிமாறுகிற வீடுதான் நீங்கள் தேடிப் போக வேண்டிய வீடு.

உள்ளே போனதும் 'அந்தக் காலம்' என்றால் எந்தக் காலம் என்று கேளுங்கள். பரிமாறுகிறவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி விளங்கிவிடும். தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்), அதை ஆண்ட அதியமான், அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி எல்லாம் எங்கள் மண்ணின் பெருமை. அதனால் உணவுப் பட்டியலிலும் அதியமான் பெயரையோ சங்க காலத்தையோ சேர்த்துவிடத் தோன்றும். பெயர் வைக்கட்டும், தப்பில்லை. ஆனால் 'சங்க காலக் குழம்பு' என்று வருவது தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் போட்டுச் சிவக்கச் சிவக்க இருந்தால் அது சங்க காலம் கிடையாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதற்குப் பிறகு போர்ச்சுக்கீசியர்கள் வழியாகத்தான் மிளகாய் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. தக்காளி நம் குழம்புச் சட்டிக்குள் வந்தது அதற்கும் வெகு காலம் கழித்து. இன்றைக்குப் பாலக்கோடு என்றாலே தக்காளிச் சந்தைதான் ஞாபகம் வருகிறது. அதனால் அது என்றைக்குமே நம்முடையதாக இருந்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பழைய வழியில் காரத்துக்கு மிளகு. புளிப்புக்குப் புளி, மாங்காய், நெல்லிக்காய், புளித்த மோர்.

நிலக்கடலையும் அப்படித்தான். தர்மபுரி மாவட்டத்தில் மானாவாரிக் காடு முழுக்கக் கடலைக்காய் விளைகிறது, கடலைச் சட்னி இல்லாத வீடே கிடையாது. பாட்டி காலத்துச் சமையல் என்று சொல்லிக் கடலைச் சட்னி வைத்தால் சரி. ராஜா காலத்துச் சமையல் என்று சொல்லி வைத்தால் சரியில்லை.

அப்படியானால் அந்தப் பழங்காலச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாதா என்றால், முடியும். எங்கள் ஊரில் மற்ற ஊர்களைவிடச் சுலபமாகவே முடியும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு இடம் வருகிறது. புன்செய் நிலத்துக் குடிகள் வழிப்போக்கரான பாணர்களுக்குச் சோறு போடுகிறார்கள். என்ன சோறு? வரகுச் சோறு. அதன்மேல் வெந்த அவரைப் பருப்பு. பருக்கை பூளைப் பூப்போல, பருப்பு வேங்கைப் பூப்போல என்று புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ரசித்துச் சொல்கிறார். மாடு மேய்க்கிறவர்கள் குடிசையில் தினைச் சோறும் பாலும். இப்போது அரூர் தாண்டிச் சித்தேரி, சிட்லிங்கி மலைப்பக்கம் போய்ப் பாருங்கள், சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைக்கும். தானியம் கொஞ்சம் மாறியிருக்கிறது. சிறுதானியச் சோற்றில் அவரையை ஊற்றிப் பிசைகிற வழக்கம் மாறவில்லை. கொள்ளு அதைவிடப் பழசு. அடுத்திருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் விட்டுப்போன கரிந்த தானியங்களில் கொள்ளும் பச்சைப்பயறும் இருந்தன. ஆகவே சாமைச் சோறு, கொள்ளு, அவரை, மிளகு, புளி, தயிர் இவற்றை மட்டும் வைத்து ஒரு இலை போட்டு, "இது ரொம்பப் பழைய சாப்பாடு" என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது தெரிகிறது, எப்படிச் சமைத்தார்கள் என்பதை யாரும் அளவோடு எழுதி வைக்கவில்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்க அரிசி, நெய், பருப்பு, மிளகு, சீரகம், கடுகு, புளி, தயிர் என்று நிவந்தக் கணக்கு (கோயிலுக்கு விட்ட கொடையின் கணக்கு) இருக்கும், செய்முறை இருக்காது. உலகம் முழுக்க இதே கதைதான். இஸ்தான்புல்லில் 1991-ல் அசிதானே என்று ஒரு உணவகம் தொடங்கினார்கள். 1539-ல் துருக்கியை ஆண்ட சுல்தான் சுலைமான் தன் பிள்ளைகளின் சுன்னத்துக்குக் கொடுத்த விருந்தை அரண்மனைச் சமையல்கட்டுக் கணக்கிலிருந்து மீட்டெடுத்ததுதான் அதன் பெருமை. அந்தக் கணக்கிலும் என்னென்ன பொருள் வாங்கினார்கள் என்பதுதான் கிடைத்தது. மற்றதைப் பழைய குறிப்புகளையும் சமையல்காரர்களின் கைப்பழக்கத்தையும் வைத்துத்தான் நிரப்பினார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை என்பதால்தான் அந்த இடத்துக்கு மதிப்பு. நம் பக்கத்து உணவகக்காரர்களும் "இது எங்கள் ஊகம், இது எங்கள் பாட்டி செய்தது" என்று பிரித்துச் சொன்னால் சாப்பிடுகிறவர்களுக்கு நம்பிக்கை வரும்.

சங்க காலத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தால் 1792. திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் செய்த உடன்படிக்கையில் பாராமகால் (எங்கள் பகுதிக்கு அன்றைய பெயர்) முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ என்று அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்தார்கள். பிற்காலத்தில் மதராஸ் கவர்னர் ஆன மன்றோ 1799 வரை இங்கே வேலை பார்த்தார், தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை உருப்பெற்றதே இந்த மண்ணை அளந்துதான். ஏரிப் பாசனம் இருந்த இடத்தில் நெல் போட்டார்கள். மற்றதெல்லாம் வானம் பார்த்த புன்செய்: கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, கொள்ளு, ஆமணக்கு. ஆக கம்பெனி காலத்துச் சாப்பாடு என்று ஒரு வீடு பெயர் போட்டால், அங்கேயும் நடுவில் இருக்க வேண்டியது களிதான்.

கிருஷ்ணகிரி நகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைதர் அலி, திப்பு ஆட்சியிலிருந்த ஊர் அது. பழைய முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் பிரியாணியும் தால்ச்சாவும் போட்டால் அது அவர்கள் வீட்டுப் பழைய சமையலேதான், சந்தேகப்பட வேண்டாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளில் களிக்கு பஸ்ஸாறு ஊற்றுவார்கள்: கீரையும் பயறும் வேகவைத்த தண்ணீரை இறுத்து, அதிலேயே அரைத்துவிட்டுச் சாறு வைப்பது, வெந்த கீரையைத் தனியாகத் தாளித்துப் பொரியல் செய்வது. ஒன்றும் வீணாகாது. இதையும் எங்காவது கண்டால் விடாதீர்கள்.

சரி, களிக்கு வருகிறேன். உணவகத்தில் களி நன்றாக அமைவது கடினம். ஏன் என்று தெரிந்தால் எது நல்ல களி என்பதும் தெரிந்துவிடும்.

பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி நொய்யரிசி போடுவார்கள். அது குழைந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவார்கள். உடனே கிளறக் கூடாது, அதுதான் முக்கியம். களிக்கட்டையால் மாவின் நடுவில் குத்தி ஒரு துளை விட்டால், கொதிக்கிற தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்து மாவை வேக வைக்கும். பச்சை மாவு வாசனை போய், நிறம் கருத்து, வேறொரு மணம் வரும். அப்போது பானையை இறக்கி, மிச்சமுள்ள தண்ணீரைத் தனியே இறுத்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தாலும் பானையை அணைத்துப் பிடித்துக் கிண்ட வேண்டும். கெட்டியாகிவிட்டால் இறுத்த தண்ணீரிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம். தோள் வலிக்கும். ஆனால் அந்தக் கிண்டலில்தான் கட்டி உடைகிறது. கிண்டி முடித்ததும் ஈரத் தட்டில் கொட்டி, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்டினால் பளபளவென்று உருண்டை நிற்கும்.

இலைக்கு வந்த உருண்டையைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மாவுத் திட்டு இருந்தால் அவசரத்தில் கிண்டியது. விரலில் பசைபோல ஒட்டினால் மாவு வேகவில்லை. மேலே தோல் காய்ந்து வெடித்திருந்தால் காலையில் உருட்டிப் பெட்டியில் வைத்தது. நல்ல களியில் ஈர விரல் ஒட்டாது, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். உங்களோடு வருகிற பிள்ளைகள் முதல்முறை சாப்பிடுவதாக இருந்தால் சொல்லிக் கொடுங்கள்: சின்னதாகப் பிட்டு, கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி, அதில் குழம்பை வாரிக்கொண்டு அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் தெரியாது. பிடிக்கவில்லை என்று சொல்கிற பலரும் மென்று பார்த்தவர்கள்தான்.

களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைக்கிறார்கள் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம் தெரியும். கொள்ளுக் கடைசல் இருக்கிறதா என்று கேளுங்கள். கொள்ளை மண்சட்டியில் நேரமெடுத்து வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு இறுத்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் வதக்கிச் சேர்த்து, கடையும் சட்டியில் மத்தால் கடைவார்கள். கையால் கடைந்தால் பாதி கொள்ளு மசிந்தும் பாதி உடைந்தும் இருக்கும், வாயில் தட்டுப்படும். மிக்சியில் அடித்தால் வழவழவென்று ஒரே விழுது. எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும், அந்தச் சமையல்கட்டு எப்படி என்று சொல்லிவிடுவேன்.

கீரையும் அப்படித்தான். பாலக்கீரை போட்டுக் கொடுத்தால் அது சந்தைக் கீரை. மழை பெய்த பிறகு கேழ்வரகுக் காட்டில் தானாக முளைக்கிற பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, தொய்யக்கீரை இவற்றைக் கலந்து பறித்துக் கடைவதுதான் எங்கள் வழக்கம். களை எடுக்கப் போகிற பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். இன்று களைக்கொல்லி அடிப்பதால் இவை குறைந்துவிட்டன, ஆகவே எந்த உணவகமாவது இந்தக் கீரைகளைத் தினமும் போடுகிறது என்றால் அவர்களுக்குக் கிராமத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல அடையாளம். கருவாட்டுக் குழம்பு கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழிக் குழம்பும் களிக்கு நல்ல ஜோடி, ஆனால் அது விருந்தாளி வந்தால் அடித்த கோழி. தினசரிச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது பொங்கல் சமயம் ஏன் நல்லது என்பதைச் சொல்கிறேன். ஆடியில் விதைத்த கேழ்வரகு அறுப்பாகி, புது மாவு வந்திருக்கும். அதைவிட முக்கியமாக, மார்கழி, தை இரண்டு மாதமும் பச்சை மொச்சை, அவரைக் காலம். பனி விழ விழத்தான் அவரைக்கு வாசனை ஏறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இந்தக் காலத்தில் கேட்டு வாங்க வேண்டியது பிதுக்கம்பருப்புக் குழம்பு. உரித்த மொச்சைக் கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் விரலோடு நின்றுவிடும், பருப்பு மட்டும் துள்ளிக்கொண்டு பாத்திரத்தில் விழும். ஒரு குடும்பத்துக்குக் குழம்பு வைக்கவே நாலு பேர் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பிதுக்க வேண்டும். மிளகு, சீரகம், தனியா, கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட்டால் போதும், பருப்பின் பால் ருசியே குழம்பை நிறைத்துவிடும். இதற்கு இயந்திரம் கிடையாது, முந்தின நாளே வேலை ஆரம்பமாக வேண்டும். அதனால்தான் உணவகங்களில் அபூர்வம். முதல் நாள் போன் செய்து, "நாளைக்கு இத்தனை பேர் வருகிறோம், பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்று சொல்கிற வீட்டுக்குப் போங்கள். கூடக் காசு கேட்டால் கொடுங்கள், பிதுக்கிய விரல்களுக்கான கூலி அது.

இனிப்புக்குக் கச்சாயமும் ஒப்பட்டும் (போளி) எங்கள் பக்கத்துப் பலகாரம். காரத்துக்கு நிப்பட்டு, அது காவேரிப்பட்டினத்தில் வாங்குவது. மாம்பழம் மட்டும் இந்தச் சமயத்தில் கேட்காதீர்கள். கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழ நினைப்பு வரும், ஆனால் அது கோடைக்கு வருகிறது. தை மாதத்தில் மாம்பழப் பாயசம் வைத்தால் டப்பாவில் அடைத்த கூழிலிருந்துதான் வைத்திருப்பார்கள்.

இந்தச் சாப்பாடு வீடுகளிலிருந்து ஏன் மறைந்தது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் அப்பா அம்மாவே இதன் சாட்சிகளாக இருப்பார்கள். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில், அப்போது சேலம் ஜில்லாவாக இருந்த இந்தப் பகுதி மிக மோசமாக அடிபட்டது. கேழ்வரகுக்குப் பூச்சி எளிதில் விழாது, வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதனால் அப்படிப்பட்ட பஞ்ச காலத்தில், தானியம் கொட்டி வைக்கும் குதிரில் கேழ்வரகு இருக்கிற வீடுதான் தைரியமான வீடு. பிறகு காலம் மாறியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி, அதற்குப் பின் ரேஷனில் மலிவு அரிசி, 2011-லிருந்து விலையில்லா அரிசி. பசி தீர்ந்தது, அது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கூடவே களி ஏழை வீட்டுச் சாப்பாடு என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது. விருந்தாளி வந்தால் களிப் பானையை மறைத்துவிட்டுச் சோறு வடித்த வீடுகள் ஏராளம். 2023-ல் தமிழக அரசு, ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை முதலில் நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான் தொடங்கியது. எந்த ஊரில் களி கிண்டத் தெரிந்த கை இன்னும் இருக்கிறது என்று தெரிந்துதான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மறைத்த பானையை இப்போது ஒரு உணவகம் வாசலில் கொண்டுவந்து வைக்கிறது என்றால் எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். கருங்கல் எங்கள் பக்கத்தில் கொட்டிக் கிடப்பதால் மரத்தூணைவிடக் கல் தூண், கல் படி, கல் பலகை அதிகம் இருக்கும். கூரையில் தட்டையான மங்களூர் ஓடு இருந்தால் ஒரு கணக்குப் போடலாம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். அந்தக் கூரை அதற்குப் பிந்தியது. முந்திய வீடுகளில் கையால் செய்த நாட்டு ஓடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், பரண், குதிர் வைத்த இடம், முற்றத்து வடிகால் இதையெல்லாம் காட்டச் சொன்னால் வீட்டுக்காரர்கள் ஆசையாகக் காட்டுவார்கள். அப்புறம் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் பூ போட்டு வைத்திருக்கிற உரலும் திருகையும் எல்லா இடத்திலும் இருக்கும். பின்கட்டில் மாவு ஒட்டிய திருகை இருந்தால்தான் அங்கே வேலை நடக்கிறது. எளிய குடும்பத்து வீடு எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-ல் பிறந்த வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. அங்கே சாப்பாடு கிடையாது, ஆனால் பெங்களூருக்குத் திரும்புகிற வழியில் எட்டிப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் அப்பா விஷயம். கேழ்வரகு சர்க்கரையைக் குறைக்கும் என்று உணவகத்தில் யாராவது சொன்னால் அதை நம்பி இரண்டு உருண்டை கொடுத்துவிடாதீர்கள். களியும் மாவுச்சத்துதான். மாவாக அரைத்து நன்றாக வேக வைத்ததால் சீக்கிரம் செரித்து, சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சின்ன உருண்டை ஒன்று, கொள்ளுக் கடைசலும் கீரையும் தாராளமாக, அதோடு சோறு வேண்டாம், ஒப்பட்டு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம். மாத்திரை போடுகிறவர் என்றால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களி கிண்டிக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும் என்பார்கள், அது நியாயமான நேரம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். அம்மாவுக்கு அது நல்லது. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி இருந்தால் தரையில் உட்கார வைக்கும் இடமா, பெஞ்சு உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் நிலைவாசல் தாழ்வாக இருக்கும், படி உயரமாக இருக்கும், கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.

மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுவது நல்லது. முதல் பந்தியில் களி சூடாகக் கிடைக்கும், கடைசல் தீராமல் இருக்கும். பொங்கல் அன்றும் மாட்டுப் பொங்கல் அன்றும் சமையல் செய்கிற பெண்கள் அவரவர் வீட்டில் இருப்பார்கள், அந்த இரண்டு நாளை விட்டுவிடுங்கள். களியைப் பார்சல் கேட்காதீர்கள், பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடும். அதற்குப் பதில், அவர்கள் எந்த ஊர்க் கேழ்வரகை எங்கே அரைக்கிறார்கள் என்று கேட்டு ஐந்து கிலோ மாவு வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சிய களியை வீட்டில் இரவு தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது எப்படி என்பதை அம்மாவிடம் கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.